வாட்டர்டீப் ஆடப்போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

"லார்ட்ஸ் ஆஃப் வாட்டர்டீப்" வாங்கிட்டேன், சனிக்கிழமை ராத்திரி மூணு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டிருக்கேன், டிப்ஸ் சொல்லுக்கான்னு கேட்டிருந்தே. நல்லாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கே. இந்த வகை ஆட்டத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணை என்னால சொல்ல முடியாது. விதிகள் கொஞ்சம்தான், ஆனா யோசிக்க நிறைய இருக்கு. 2012-ல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி வெளியிட்டது. பீட்டர் லீ, ராட்னி தாம்சன்னு ரெண்டு பேர் வடிவமைச்சாங்க. "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" உலகத்துல எட் கிரீன்வுட் உருவாக்கின ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்னு ஒரு கற்பனை நிலம் இருக்கு. அதுல இருக்கிற துறைமுக நகரம்தான் வாட்டர்டீப். அந்த நகரத்தை முகமூடி போட்ட பிரபுக்கள் ரகசியமா ஆளுறாங்க. யார் யார் பிரபுன்னு ஊருக்குத் தெரியாது. ஒரே ஒருத்தர் மட்டும் முகம் காட்டி வெளியில நிப்பார். நீங்க நாலு பேரும் அந்த முகமூடிப் பிரபுக்கள். அதனாலதான் உன் லார்டு கார்டை யாருக்கும் காட்டாம கவிழ்த்து வைக்கணும்.

சனிக்கிழமை வர்றவங்கள்ல யாராவது "டிராகன் கதையெல்லாம் எனக்குத் தெரியாதே"ன்னு தயங்கினா, ஒண்ணும் தெரிய வேண்டாம்னு சொல்லிடு. பாத்திரம் ஏத்து நடிக்கிற ஆட்டம் இல்ல இது. தாயம் மாதிரி உருட்டறதும் கிடையாது, பகடையே இல்ல. உன்கிட்ட சில ஆளுங்க இருக்காங்க, ஏஜென்ட்னு பேரு. உன் சான்ஸ் வரும்போது ஒரு ஆளைப் பலகையில ஒரு இடத்துல வைக்கிறே, அந்த இடம் தர்றதை எடுத்துக்கிறே. நீ வச்ச இடத்துல அந்த ரவுண்டு முடியிற வரைக்கும் வேற யாரும் வைக்க முடியாது. வொர்க்கர் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்களே, அது இவ்வளவுதான்.

இதுலேருந்துதான் நான் சொல்லப்போற எல்லாமே வருது. இந்த ஆட்டத்துல "எனக்கு எது வேணும்?"னு கேட்டுட்டு ஆளை வைக்காதே. "எனக்கு வேண்டியதுல எது என் அடுத்த சான்ஸ் வரைக்கும் காத்திருக்காது?"ன்னு கேளு. ரெண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். ஆனா முதல் கேள்வியோட ஆடுறவங்களுக்கும் ரெண்டாவது கேள்வியோட ஆடுறவங்களுக்கும் ஆட்ட முடிவுல முப்பது நாப்பது பாயிண்ட் வித்தியாசம் வர்றதை நான் பார்த்திருக்கேன்.

முதல்ல கணக்கு

நாலு பேர் ஆடினா ஆளுக்கு ரெண்டு ஏஜென்ட். அஞ்சு பேருக்கும் ரெண்டுதான். மூணு பேருன்னா மூணு, ரெண்டு பேருன்னா நாலு. மொத்தம் எட்டு ரவுண்டு. அஞ்சாவது ரவுண்டு ஆரம்பத்துல எல்லாருக்கும் இன்னொரு ஏஜென்ட் கிடைக்கும். அப்போ உங்க நாலு பேருக்கும் முதல் நாலு ரவுண்டுல எட்டு சான்ஸ், அடுத்த நாலுல பன்னிரண்டு, ஆக ஆளுக்கு மொத்தம் 20 சான்ஸ்தான். இந்த 20-ங்கிற எண்ணை மனசுல வச்சுக்கோ, போதும். ஒரு குவெஸ்ட் கார்டை, அதாவது முடிச்சுப் பாயிண்ட் வாங்க வேண்டிய ஒரு காரியத்தை, எடுக்க ஒரு சான்ஸ், அதுக்கு வேண்டிய சாகசக்காரங்களைச் சேர்க்க ரெண்டு மூணு சான்ஸ். அப்படியே நேர்வழியில போனா அஞ்சு ஆறு குவெஸ்ட் முடிக்கிறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். அதுக்கு மேல முடிக்கிறவங்க எல்லாம் சான்ஸ் செலவில்லாம பொருள் வர்ற வழியைக் கண்டுபிடிச்சவங்க. அந்த வழிகள் மூணு: கட்டடம், பிளாட் குவெஸ்ட், துறைமுகம். ஒவ்வொண்ணா வர்றேன்.

அதுக்கு முன்னாடி, பலகை என்ன விலை வச்சிருக்குன்னு பார்த்துக்கோ. ஃபீல்டு ஆஃப் டிரையம்ஃப்ல ஆளை வச்சா ரெண்டு ஃபைட்டர், ஆரஞ்சு கியூப். கிரின்னிங் லயன் டாவர்ன்ல ரெண்டு ரோக், கறுப்பு. பிளிந்த்துல ஒரே ஒரு கிளெரிக், வெள்ளை. பிளாக்ஸ்டாஃப் டவர்ல ஒரே ஒரு விசார்டு, ஊதா. அரோரா கடையில நாலு தங்கம். எல்லாத்துக்கும் செலவு ஒரு ஆள்தான். அப்போ ஒரு விசார்டுக்கு ரெண்டு ஃபைட்டர் மதிப்பு, நாலு தங்கத்தோட மதிப்பு. யாராவது இன்ட்ரீக் கார்டு (துறைமுகத்துல போடுற சதிக் கார்டு) வழியா "உனக்கு எது வேணுமோ ஒரு கியூப் எடுத்துக்கோ"ன்னா, பெரும்பாலும் வெள்ளையோ ஊதாவோ எடு. ஆரஞ்சும் கறுப்பும் பின்னாடி ஜோடி ஜோடியாக் கிடைக்கும்.

லார்டு கார்டு சொல்றபடி நட

லார்டு கார்டு மொத்தம் 11. குவெஸ்ட் வகை அஞ்சு: ஆர்கானா, காமர்ஸ், பயட்டி, ஸ்கல்டகரி, வார்ஃபேர். பத்து லார்டுகளுக்கு இந்த அஞ்சுல ரெண்டு ரெண்டு வகை சேர்ந்த ஜோடி. அந்த வகையில நீ முடிக்கிற ஒவ்வொரு குவெஸ்டுக்கும் ஆட்ட முடிவுல நாலு பாயிண்ட் கூட வரும். பதினோராவது ஆள் லரிஸா நீதல். அவளுக்குக் குவெஸ்ட் கணக்கு இல்ல, அவளோட ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு பாயிண்ட்.

நாலு பாயிண்ட் சின்னதாத் தெரியும். ஆனா எட்டு பாயிண்ட் குவெஸ்ட் உன் வகையா இருந்தா அது பன்னிரண்டு. அதே எட்டு பாயிண்ட் வேற வகையா இருந்தா எட்டுதான். அதனால புதுசா ஆடுறவங்க கண்ணு போற 25 பாயிண்ட் குவெஸ்ட் மேல நீ மயங்கிடாதே. அதுக்கு ஆள் சேர்க்கவே நாலஞ்சு சான்ஸ் ஆயிடும். அந்த நேரத்துல உன் வகையில சின்னதா ரெண்டு மூணு முடிச்சா, ஒவ்வொண்ணுக்கும் நாலு சேர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு வந்துடும், இடையில உன் கையும் முடங்கிக் கிடக்காது. பெரிய குவெஸ்ட் உன் வகையாவும் இருந்து, ஆட்டத்தோட முதல் பாதியிலேயே கையில வந்தா, எடு. ஆறாவது ரவுண்டுக்கு மேல அதைத் தொடாதே.

இன்னொண்ணையும் கவனி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ருசி உண்டு. ஆர்கானா விசார்டு கேட்கும், பயட்டி கிளெரிக், ஸ்கல்டகரி ரோக், வார்ஃபேர் ஃபைட்டர், காமர்ஸ் தங்கம். உன் லார்டு ஆர்கானாவும் பயட்டியும்னா, பலகையில ஒத்தை ஒத்தையாக் கிடைக்கிற ஊதாவும் வெள்ளையும்தான் உனக்கு உயிர். அப்போ பிளாக்ஸ்டாஃப் டவரும் பிளிந்த்தும் உனக்குக் காத்திருக்காத இடங்கள். வார்ஃபேர், ஸ்கல்டகரி லார்டா இருந்தா உனக்குக் கொஞ்சம் நிதானம் உண்டு. ஒரு சான்ஸுக்கு ரெண்டு ரெண்டா வரும், முதல்ல போய்க் கட்டடம் வாங்கிட்டு அப்புறம் கூட எடுத்துக்கலாம்.

மத்தவங்க லார்டையும் மோப்பம் பிடி. முடிக்காத குவெஸ்டுங்க எல்லாம் மேஜை மேல திறந்துதான் இருக்கும், டாவர்ன்ல, அதாவது அவங்கவங்க முன்னாடி இருக்கிற அட்டையில, சேர்ந்திருக்கிற கியூப்பும் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி மூணு தடவை பயட்டியா எடுத்தா அவ லார்டு யாருன்னு பாதி தெரிஞ்சுபோச்சு. அதுக்காக அவளைத் தடுக்கிறதையே வேலையா வச்சுக்காதே. உனக்கும் பிரயோஜனமான இடமா இருந்து, அவளுக்கும் அது வேணும்னா, அப்போ முந்திக்கோ. தடுக்கிறதுக்காக மட்டும் ஒரு ஆளைச் செலவு பண்ணினா, 20-ல ஒண்ணு போச்சு. அவளுக்கும் நஷ்டம், உனக்கும் நஷ்டம், மத்த ரெண்டு பேருக்குத்தான் லாபம்.

கட்டடம், கட்டடம், கட்டடம்

இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. பில்டர்ஸ் ஹால்ல எப்பவும் மூணு கட்டடம் திறந்திருக்கும். அங்கே ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். தங்கம் கொடுத்து ஒண்ணை வாங்கினா அது பலகை ஓரத்துல போய் உட்காரும், உன் அடையாளக் காய் அதுல ஏறும். அப்புறம் அது எல்லாருக்கும் பொதுவான இடம். ஆனா வேற ஒருத்தர் அங்கே ஆளை வச்சா, அந்தக் கட்டடத்துல எழுதியிருக்கிற சொந்தக்காரர் பங்கு உனக்கு வந்துடும். நீ எந்த ஆளையும் செலவு பண்ணலை, அது யாரோ ஒருத்தரோட சான்ஸ்!

இதை முதல் ரெண்டு ரவுண்டுல வாங்கினா ஆறேழு ரவுண்டு சம்பாதிச்சுக் கொடுக்கும். ஏழாவது ரவுண்டுல வாங்கினா ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. அதனால கட்டடம்னா முன்கூட்டியே. லரிஸா கையில இருந்தா மட்டும் கடைசி வரைக்கும் வாங்கலாம்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது தங்கம் சமமாத் தர மாட்டாங்க. முதல்ல ஆடுறவருக்கு நாலு, அடுத்தவருக்கு அஞ்சு, அப்புறம் ஆறு, ஏழு. கடைசியா ஆடுறவங்க நல்ல இடமெல்லாம் போயிடும்னு முகத்தைத் தொங்கப் போடுவாங்க. அவங்ககிட்ட ஏழு தங்கம் இருக்கு, முதல் ரவுண்டுலேயே நல்ல கட்டடம் வாங்க முடியும்னு எடுத்துச் சொல்லு. நீயே கடைசியா உட்கார்ந்தா, முன்னாடி யாரும் பில்டர்ஸ் ஹாலுக்குப் போகாத பட்சத்துல வேற எதையும் பார்க்காதே, நேரா அங்கே போ.

ஒவ்வொரு ரவுண்டு ஆரம்பத்துலயும் வாங்காம இருக்கிற கட்டடங்கள் மேல ஒவ்வொரு பாயிண்ட் டோக்கன் வந்து சேரும். வாங்குறவருக்கு அதுவும் கிடைக்கும். "இன்னும் ஒரு ரவுண்டு போகட்டும், ஒரு பாயிண்ட் கூடும்"னு காத்திருக்க ஆசை வரும். நல்ல கட்டடத்துக்காகக் காத்திருக்காதே, அந்த ஒரு பாயிண்டுக்கு அது ஈடில்ல. யாரும் சீண்டாம நாலஞ்சு டோக்கன் குவிஞ்ச சுமாரான கட்டடம் இருந்தா அது வேற விஷயம், அதை அந்தப் பாயிண்டுக்காகவே வாங்கலாம்.

எந்தக் கட்டடம் வாங்குறதுன்னா, உனக்குப் பிடிச்சதைப் பார்க்காதே, மத்தவங்க விரும்பி வந்து உட்கார்ற மாதிரி இருக்கணும். வெள்ளையோ ஊதாவோ சேர்த்துத் தர்ற இடங்கள், எந்த கியூப் வேணும்னாலும் எடுத்துக்கோன்னு விடுற இடங்கள், இதுக்கெல்லாம் கூட்டம் வரும். யாருக்கும் ஒத்துவராத இடத்தை வாங்கினா அது சும்மா கிடக்கும்.

பிளாட் குவெஸ்ட்

குவெஸ்ட் கார்டு 60-ல சிலதுல பிளாட் குவெஸ்ட்னு குறிச்சிருக்கும். இதுங்களுக்குப் பாயிண்ட் கம்மியா இருக்கும், சிலதுக்கு இல்லாமலே கூட இருக்கும். ஆனா முடிச்சதும் ஆட்டம் முடியிற வரைக்கும் ஒரு சலுகை தொடரும். ஒரு வகை குவெஸ்ட் முடிக்கும்போதெல்லாம் கூடுதல் பாயிண்ட், இன்ட்ரீக் கார்டு போடும்போதெல்லாம் பாயிண்ட், அந்த மாதிரி. எல்லாத்துலயும் பெரியது "ரெக்ரூட் லெஃப்டினன்ட்". அதை முடிச்சா மிச்ச ஆட்டம் முழுக்க உனக்கு ஒரு ஆள் கூடுதல். ரவுண்டுக்கு ரெண்டு ஆள் இருக்கிற ஆட்டத்துல மூணாவது ஆள்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாரு! முதல் ரெண்டு ரவுண்டுக்குள்ள அது பலகையில திறந்தா, லார்டு எதுவா இருந்தாலும் எடு. அது கேட்கிற கியூப் நிறைய. சேர்த்து முடிக்கிறதுக்குள்ள மூணாவது நாலாவது ரவுண்டு ஆயிடும், அப்பவும் லாபம்தான். அஞ்சாவது ரவுண்டுக்கு மேல திறந்தா விட்டுடு.

பிளாட் குவெஸ்ட்னு வந்தாலே நேரக் கணக்குதான். மூணாவது ரவுண்டுல தங்கமா இருக்கிற கார்டு ஏழாவது ரவுண்டுல வெறும் தாள்.

கிளிஃப்வாட்ச் இன், காசில்

குவெஸ்ட் எடுக்கிற இடம் கிளிஃப்வாட்ச் இன். அங்கே மூணு இடம்: குவெஸ்டோட ரெண்டு தங்கம், குவெஸ்டோட ஒரு இன்ட்ரீக் கார்டு, மூணாவது திறந்திருக்கிற நாலையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா நாலு திறந்து அதுல ஒண்ணை எடுக்கிறது. கையில ஒரு குவெஸ்டோட மட்டும் ஓடாதே. ரெண்டு மூணு திறந்து வச்சிருந்தா, சேருற கியூப் எதுக்காவது உதவும், யாராவது ஒரு இடத்தை அடைச்சாலும் நீ தடுமாற மாட்டே. ஆனா அஞ்சாறு குவெஸ்டைக் குவிச்சு வச்சுக்கிட்டு முழிக்கிறதும் வேண்டாம்.

காசில் வாட்டர்டீப்ல ஆளை வச்சா அடுத்த ரவுண்டுல முதல் சான்ஸ் உனக்கு, கூடவே ஒரு இன்ட்ரீக் கார்டு. அந்தக் கார்டு வர்றதால அது வீண் சான்ஸ் இல்ல. ஒரு சூட்சுமம்: சான்ஸ் இடது பக்கமாச் சுத்தி வரும். உனக்கு வலது பக்கத்துல இருக்கிறவங்க காசிலுக்குப் போனா, அடுத்த ரவுண்டுல நீ செலவில்லாம ரெண்டாவது ஆயிடுறே, நீ காசிலைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். இடது பக்கத்துல இருக்கிறவங்க போனா நீ கடைசி. அந்த மாதிரி ரெண்டு ரவுண்டு தொடர்ந்து நடந்தா மூணாவதுல நீயே போய் எடுத்துடு.

துறைமுகம்தான் ஆட்டத்தோட ரகசியம்

வாட்டர்டீப் ஹார்பர்ல மூணு இடம். அங்கே ஆளை வச்சு கையில இருக்கிற ஒரு இன்ட்ரீக் கார்டைப் போடலாம். கார்டு இல்லாம அங்கே போக முடியாது. எல்லாரும் எல்லா ஆளையும் வச்சு முடிச்ச பிறகு, துறைமுகத்துல இருக்கிற ஆளுங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா எழுந்து காலியா இருக்கிற வேற இடத்துக்குப் போவாங்க. அப்போ ஒரே ஆளை வச்சு ரெண்டு காரியம். அதோட, ஒரு ஆளை வச்ச பிறகு ஒரு குவெஸ்ட்தான் முடிக்கலாம்ங்கிற விதி இருக்கே, துறைமுகத்துலேருந்து எழுந்து போய் உட்கார்ந்ததும் மறுபடியும் ஒரு குவெஸ்ட் முடிக்கலாம்.

புதுசா ஆடுறவங்க "கடைசியில மிச்சம் மீதிதானே கிடைக்கும்"னு துறைமுகத்தை ஒதுக்குவாங்க. நாலு பேர் ஆட்டத்துல கட்டடங்கள் நாலஞ்சு வந்துட்டா ரவுண்டு முடிவுல நல்ல இடங்களே மிஞ்சும். மூணாவது ரவுண்டுலேருந்து ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரு ஆள் துறைமுகத்துக்குப் போறதைப் பழக்கமாக்கிக்கோ. முதல் எண் இடத்தை நீ பிடிச்சா மிச்சத்துல தேர்வு முதல்ல உனக்குத்தான். அதுக்குத் தகுந்த மாதிரி கையில எப்பவும் ஒரு இன்ட்ரீக் கார்டாவது இருக்கட்டும்.

இன்ட்ரீக் கார்டுங்கள்ல மாண்டேட்டரி குவெஸ்ட்னு ஒரு வகை இருக்கு. அதை ஒருத்தர் தலையில கட்டினா, அதை முடிச்சாத்தான் அவங்க வேற எந்தக் குவெஸ்டையும் முடிக்க முடியும். பாயிண்ட் கொஞ்சமாத்தான் தரும். இதை எப்போ, யார் மேல போடுறதுங்கிறதுல ஒரு நியாயம் வேணும்னு நான் நினைக்கிறேன். முதல் தடவை ஆடுறவங்க மேல முதல் ரெண்டு ரவுண்டுல போடவே போடாதே. அவங்களுக்கு ஆட்டமே வெறுத்துப் போயிடும், அடுத்த சனிக்கிழமை வர மாட்டாங்க. முன்னாடி ஓடுறவர் மேல போடு. அவர் பெரிய குவெஸ்டுக்குக் கடைசி கியூப் எடுக்கிறதுக்கு ஒரு சான்ஸ் முன்னாடி போட்டா அதோட பலம் முழுசும் தெரியும். உன் மேல யாராவது போட்டா புலம்பாம அது கேட்கிற கியூப்பை எடுத்து முடிச்சுத் தள்ளு. வேற சில இன்ட்ரீக் கார்டு, நீ கியூப்போ தங்கமோ எடுத்துக்கிட்டு இன்னொருத்தருக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லும். அப்போ பாயிண்ட்ல கடைசியா இருக்கிறவருக்குக் கொடு, உனக்கும் ஆபத்தில்ல, அவங்களுக்கும் ஒரு தெம்பு.

கடைசி ரெண்டு ரவுண்டு

ஏழாவது ரவுண்டு ஆரம்பிக்கும்போது ஒரு நிமிஷம் நிதானமா எண்ணிப் பாரு. இன்னும் ஆறு சான்ஸ். எந்தெந்தக் குவெஸ்ட் முடியும், எந்தச் சான்ஸ்ல முடியும்? ஒரு சான்ஸுக்கு ஒரு குவெஸ்ட்தான்ங்கிறதால, மூணு குவெஸ்டுக்குத் தேவையான ஆள் எல்லாம் டாவர்ன்ல இருந்தும் ஒரே ஒரு சான்ஸ் மிச்சம்னா ஒண்ணைத்தான் முடிக்க முடியும். மத்த ரெண்டும் போச்சு. அதனால முடிக்க முடிஞ்சதை அந்தந்தச் சான்ஸ்லேயே முடிச்சுடு. கியூப்பைச் சேர்த்து வச்சு ஒரேயடியா முடிக்கிற அழகெல்லாம் இந்த ஆட்டத்துல இல்ல.

ஆட்டம் முடிஞ்சதும் டாவர்ன்ல மிச்சமிருக்கிற ஒவ்வொரு கியூப்புக்கும் ஒரு பாயிண்ட், ரெண்டு தங்கத்துக்கு ஒரு பாயிண்ட். அப்போ கடைசி ஆளுக்கு முடிக்கக் குவெஸ்ட் இல்லேன்னா என்ன பண்ணுவே? இவ்வளவு நேரம் ஊதாதான் ஒசத்தின்னு சொன்னேன் இல்லையா, இங்கே கணக்கு மாறிடும். விசார்டு எடுத்தா ஒரு பாயிண்ட். ரெண்டு ஃபைட்டரோ ரெண்டு ரோகோ எடுத்தா ரெண்டு. நாலு தங்கம் எடுத்தாலும் ரெண்டு. ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல முடியிற ஆட்டம் நிறைய.

வீட்டைத் தயார் பண்றது

ஆட்டம் எவ்வளவு நல்லா இருந்தாலும், மேஜை சரியில்லேன்னா ராத்திரி வீணாயிடும். பெட்டியில ஒரு மணி நேர ஆட்டம்னுதான் கணக்கு. முதல் தடவை நாலு பேர் ஆட, விதி சொல்ற நேரமும் சேர்த்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு வச்சுக்கோ. எட்டரைக்குச் சாப்பாடு முடிச்சு ஒன்பதுக்கு உட்கார்ந்தீங்கன்னா சரியா இருக்கும். ஆட்டத்துக்கு நடுவுல சாப்பாட்டை வைக்காதே.

கொறிக்க முறுக்கும் மிக்சரும் வேண்டாம். அந்த எண்ணெய்க் கை ஒரு தடவை கார்டுல பட்டா கறை போகாது, ஒரே ராத்திரியில எந்தக் கார்டு எதுன்னு முதுகைப் பார்த்தே சொல்லிடலாம், அப்புறம் அது அழுகுணி ஆட்டம். வறுத்த கடலை, உலர்ந்த திராட்சை, கையில ஒட்டாத எதுவானாலும் சரி. டீ, ஜூஸ் எல்லாம் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல இருக்கட்டும், பலகை இருக்கிற மேஜையில டம்ளரே ஏறக்கூடாது. இன்ட்ரீக் கார்டு அம்பதுக்கும் குவெஸ்ட் அறுபதுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுட்டா பல வருஷம் கவலையில்ல.

வெளிச்சம் முக்கியம். மங்கின மஞ்சள் விளக்குல ஊதாவும் கறுப்பும் ஒரே மாதிரித் தெரியும், தப்பு கியூப் எடுத்துட்டு அப்புறம் வாக்குவாதம் வரும். வெள்ளை விளக்கைப் போடு. கியூப் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டு எல்லார் கைக்கும் எட்டுற மாதிரி வை. புதுசா ஆடுறவங்களைப் பலகையில எழுத்து நேராத் தெரியிற பக்கத்துல உட்கார வை. நீ தலைகீழாப் பார்க்கிற பக்கத்துல உட்காரு, அதுக்குள்ள உனக்கு இடமெல்லாம் மனப்பாடமாயிருக்கும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே பலகையை விரிச்சு, கட்டடம் மூணு, குவெஸ்ட் நாலு எல்லாம் திறந்து வச்சுடு.

விதி சொல்லிக் கொடுக்கிறது

விதிப்புத்தகத்தைப் படிச்சுக் காட்டாதே. பத்து நிமிஷத்துக்கு மேல பேசாதே. "நாம எல்லாரும் முகமூடிப் பிரபுக்கள், சாகசக்காரங்களை வச்சு காரியம் முடிச்சுப் பேர் வாங்குறோம்"னு சொல்லு. ஒரு குவெஸ்ட் கார்டைக் கையில எடுத்துக் காட்டு: இதுக்கு இத்தனை பேர் வேணும், முடிச்சா இது கிடைக்கும். அந்த ஆளுங்க எங்கே கிடைப்பாங்கன்னு பலகையில விரலால காட்டு. ஒரு ஏஜென்டை வச்சுக் காட்டு. இப்போ லார்டு கார்டைக் கொடு, அந்த நாலு பாயிண்டைச் சொல்லு. ஆரம்பிச்சுடுங்க. துறைமுகம், கட்டடம் பத்தியெல்லாம் யாராவது முதல் தடவை அங்கே போகும்போது விளக்கினா போதும். ஆனா அப்படி ஒரு வழி இருக்குங்கிறதை மட்டும் முன்னாடியே சொல்லிடு, மறைச்சு வச்சு நீ மட்டும் போய்க் கட்டடம் வாங்குறது முறையில்ல.

எல்லாரும் தவறவிடுற விதிகள் சில இருக்கு, நீ கவனிச்சுக்கோ. உன் சொந்தக் கட்டடத்துல நீயே ஆளை வச்சா சொந்தக்காரர் பங்கு கிடையாது. காசில் எடுத்தவுடனே முதல் ஆட்டக்காரர் அடையாளம் கைமாறும், ஆனா சான்ஸ் வரிசை மாறுறது அடுத்த ரவுண்டுலதான். துறைமுகத்துலேருந்து எழுந்த ஆள் மறுபடி துறைமுகத்துக்குப் போக முடியாது. கட்டடத்து மேல டோக்கன் வைக்கிறதை ஒருத்தர் பொறுப்புல விடு. அஞ்சாவது ரவுண்டுல புது ஏஜென்ட் எடுக்க மறக்காதீங்க.

அப்புறம், ஆரஞ்சு வெள்ளைன்னு நிறத்தைச் சொல்லி ஆடாதீங்க. ஃபைட்டர், கிளெரிக்னு பேரைச் சொல்லுங்க. குவெஸ்ட் முடிக்கும்போது கார்டோட தலைப்பையும் கீழே இருக்கிற ரெண்டு வரிக் கதையையும் சத்தமாப் படிக்கச் சொல்லு. இதை நான் பிடிவாதமாச் சொல்றேன். இந்த ஆட்டத்துல கதை மெல்லிசாத்தான் ஒட்டியிருக்கு, விட்டா உதிர்ந்துபோய் வெறும் கியூப் மாத்துற வியாபாரமாயிடும். வாய்விட்டுப் படிச்சா துறைமுகமும் சத்திரமும் கோட்டையும் கண்ணு முன்னாடி வரும். யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு ஒருத்தர் நேரம் எடுத்தா, அடுத்தவர் சான்ஸ் நடக்கும்போதே தன் சான்ஸை யோசிச்சு வைக்கணும்னு முதல்லயே சொல்லிடு. ரெண்டு இடத்தை மனசுல வச்சுக்கோங்க, ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு சொல்லிக் கொடு.

சனிக்கிழமைக்கு முன்னாடி நீ தனியா ஆடிப் பார்க்கணும்னா, பிளேடெக் கம்பெனி 2013-ல கொண்டுவந்த மொபைல் வடிவம் இருக்கு. கம்ப்யூட்டரோட ரெண்டு ஆட்டம் ஆடினா விதி எல்லாம் கைக்கு வந்துடும்.

உன் கூட்டத்துல ஒருத்திக்குப் போட்டி, தலையில கட்டுறதெல்லாம் பிடிக்காதுன்னு சொன்னே. அவளுக்காக இன்னொரு நாள் "எவர்டெல்" பார்க்கலாம். 2018-ல ஜேம்ஸ் ஏ. வில்சன் வடிவமைச்சது, ஆண்ட்ரூ பாஸ்லி படம் வரைஞ்சது. காட்டு விலங்குகள் ஊர் கட்டுற கதை, அட்டையில ஒரு மரமே நிக்கும். ஆனா அதுல ஒவ்வொரு கார்டையும் நின்னு படிக்கணும். முதல் ராத்திரிக்கு வாட்டர்டீப்தான் சுலபம்.

விரிவாக்கப் பெட்டி "ஸ்கவுண்ட்ரல்ஸ் ஆஃப் ஸ்கல்போர்ட்" 2013-ல வந்தது, நான் ரொம்ப ரசிச்சது. அதுல அண்டர்மவுண்டன், ஸ்கல்போர்ட்னு ரெண்டு பகுதி. ஸ்கல்போர்ட் பகுதியில அள்ளிக் கொடுக்கிற இடங்கள் இருக்கு, கூடவே கரப்ஷன் டோக்கனும் சேரும். மேஜையில மொத்தமா எவ்வளவு டோக்கன் எடுக்கப்பட்டிருக்கோ, அதைப் பொறுத்து ஒவ்வொரு டோக்கனுக்கும் கடைசியில கழியிற பாயிண்ட் கூடும். அதனால ஒருத்தர் பேராசை எல்லாரையும் தொடும். உடனே வாங்கிடாதே. அடிப்படைப் பெட்டியை நாலஞ்சு தடவை ஆடி, எல்லாருக்கும் துறைமுகமும் கட்டடமும் பழகின பிறகு வாங்கு, முதல்ல ஒரு பகுதியை மட்டும் சேர்த்து ஆடுங்க. உன் கூட்டம் ஆறு பேராச்சுன்னா அப்போ கட்டாயம் வேணும், ஆறாவது ஆளுக்கான காய்கள் அந்தப் பெட்டியிலதான் இருக்கு.